கடைவாய்த் தொப்பி

ஜூன் 9, திங்கள்

பள்ளிக்குக் கிளம்புகிற அவசரத்தில் மகள் நிவிஷாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாயில் வீலென்று கத்தினாள். இட்லியைக் கடித்து யாருக்காவது வலிக்குமா? கன்னத்தைப் பொத்திக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து அழுதாள். செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ்வரிசையில் இடது பக்கத்துக் கடைசிப் பல்லில் ஒரு குழி. மிளகு ஒன்று உள்ளே போய் உட்காரலாம். ஓரமெல்லாம் கறுப்பு. தினமும் இருவேளையும் நான்தான் பல் விளக்கிவிடுகிறேன். எப்படிக் கண்ணில் படாமல் போனது?

சத்தம் கேட்டு நங்கையா வந்தார். என் கணவருடைய அக்கா. பக்கத்துப் போர்ஷன்.

“இதுக்கா இத்தன ரகள? பால்பல்லுதான அம்மிணி. விழுகப்போற பல்லு. இருந்தா என்ன, போனா என்ன.”

இவருக்குப் போன் போட்டேன். போர்வெல் கம்பெனியில் மேனேஜர். ரிக் வண்டிகளோடு வடக்கே போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். இப்போது சத்தீஸ்கர். வண்டி இரைச்சலுக்கு நடுவே, “கிராம்பு வெய்யி புள்ள, பொறவு கூப்படறன்” என்றார்.

கிராம்பு வைத்தேன். துப்பிவிட்டாள்.

ஜூன் 11, புதன்

நான் பாடம் நடத்துகிற பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு ஈரோட்டுக்குப் போனோம். டாக்டர் ரெஹானா. குழந்தைகளுக்கு மட்டும் பல் பார்க்கிறவர். என்னைவிட ஓரிரு வயது சின்னவராக இருப்பார். நிவிஷாவிடம் கண்ணாடிக் கரண்டியைக் கொடுத்து முதலில் தன் பல்லை எண்ணச் சொன்னார். அவள் எண்ணிவிட்டு, “உங்களுக்கு ஒரு பல்லு கோணல்” என்றாள். “ஆமா கண்ணு, யார்கிட்டயும் சொல்லிடாத” என்றார். அதற்கப்புறம் என் மகள் ஆவென்று திறந்த வாயை மூடவில்லை. என்னிடம் ஒரு நாளும் அப்படித் திறந்ததில்லை.

எக்ஸ்ரேயில் சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டது தெரிந்தது.

“எப்படியும் விழற பல்தானே டாக்டர், பிடுங்கிட்டா?” என்று நங்கையாவின் வாயால் நான் கேட்டேன்.

“இது விழ பத்து, பதினோரு வயசாகும்ங்க. அதுவரைக்கும் மெல்லறதே இதுலதான். இதுக்குப் பின்னாடி ஆறு வயசுல ஒரு பெரிய பல் வரும். இது இடத்தப் புடிச்சு வெச்சிருந்தாத்தான் அது நேரா வந்து நிக்கும். பஸ்ல சீட்டு காலியானா என்னாகும்? எல்லாம் நகந்து உக்காந்துக்கும்.”

நரம்பைச் சுத்தம் செய்து, அடைத்து, மேலே கேப் போட வேண்டும். ஸ்டீல் கேப். வாய் திறந்தால் தெரியுமே, வெள்ளையில் கிடையாதா என்றேன்.

“இருக்கு. அதுவும் உறுதிதான். ஆனா அதப் போடப் பல்ல நெறையச் சீவணும். பாப்பாக்குச் சீவறதுக்குப் பல் எங்க இருக்கு? ஸ்டீல்னா லேசாச் சீவினாப் போதும். மெல்லற பல்லுக்கு இது தாங்கும். உங்க வீட்டு எவர்சில்வர் டம்ளர் என்னைக்காவது உடஞ்சிருக்கா?”

அப்புறம் கேள்விகள். பாட்டிலில் பால் உண்டா? ரெண்டு வயதிலேயே நிறுத்தியாயிற்று. சாக்லேட்? பிறந்தநாளுக்கு மட்டும். சர்க்கரை?

“எங்க வீட்டுல வெள்ளச் சர்க்கரையே வாங்கறதில்லீங்க டாக்டர்.”

“அட, பரவால்லயே!” என்றார். பெருமையாகத்தான் இருந்தது. எனாமல் பிறவியிலேயே மெலிந்திருக்கலாம் என்றார். அதுதான் இருக்கும். இவர் வீட்டில் யாருக்குப் பல் சரியாக இருக்கிறது?

வந்த களைப்பில் அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. பல் விளக்கி, வழக்கம்போல மிளகும் மஞ்சளும் தட்டி, பனங்கல்கண்டு போட்டுப் பால் ஆற்றிக் கொடுத்தேன். டம்ளர் வாயில் இருக்கும்போதே தூங்கிவிட்டாள். இந்தப் பால் இல்லையென்றால் இவளும் தூங்கமாட்டாள், நானும் தூங்கமாட்டேன்.

ஜூன் 18, புதன்

கேப் போட்டாயிற்று. ஊசி போடும்போது அவள் கையை நான்தான் பிடித்துக்கொண்டேன். “அம்மா உடு, அம்மா உடு” என்று கெஞ்சினாள். டாக்டரைப் பார்த்து அழவில்லை, என்னைப் பார்த்து அழுதாள்.

முடிந்ததும் கண்ணாடி கேட்டாள். வாயை அகட்டிப் பார்த்து, “எவர்சில்வர்!” என்றாள். இவர் வீடியோவில் பார்த்துவிட்டு அங்கே ரிக்கில் இருக்கிற பையன்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். “டேய், எம்புள்ளைக்கு ட்ரில் பிட்டு மாட்டியாச்சுடா! இனிப் பாறையே ஓட்ட போடுவா!” அவளுக்கு ஒரே சிரிப்பு.

நங்கையா மட்டும், “பொட்டப்புள்ளைக்கு இரும்புப் பல்ல மாட்டியுட்டுட்டு வந்து நிக்கறா பாரு” என்று வாசலில் யாரிடமோ சொன்னது என் காதில் விழுவதற்காகத்தான்.

ஜூலை 6

இருமல். ஆடிக்காற்று இப்போதே ஆரம்பித்துவிட்டது. விடிய விடிய இழுப்பு. பால் இரண்டு தடவை.

ஜூலை 27

கேப் எத்தனை வருடம் வரும் என்று நெட்டில் தேடித் தேடிப் படிக்கிறேன். பல் தானாக விழுகிற வரைக்கும் வரும் என்கிறார்கள். கேப் கழன்று வரலாம் என்றும் ஒரு இடத்தில் இருக்கிறது. இவள் தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிக்கிறாள். ஸ்டீல் உரசும் சத்தம். தேய்ந்து ஓட்டை விழுந்தால்? இரவு டார்ச் அடித்து, நகத்தால் அழுத்திப் பார்க்கிறேன். அசையவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. அப்புறந்தான் விடைத்தாளை எடுக்க முடிகிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

துணி துவைத்தேன். மாவு ஆட்டினேன். லேப் ரெக்கார்டு பாதி திருத்தினேன்.

நிவிஷா இப்போதெல்லாம் டார்ச்சைப் பார்த்தாலே உதட்டை இறுக்கிக்கொள்கிறாள். இன்று தாடையைப் பிடித்துத் திறக்க வேண்டியதாயிற்று. “டாக்டர் ஆன்ட்டிகிட்ட மட்டுந்தான் காட்டுவன்” என்றாள். என் விரலைக் கடித்தும்விட்டாள். அந்தக் கேப்பின் பலம் எனக்குத் தெரியும் இப்போது.

அக்டோபர் 4, சனி

செக்கப். கேப் ஜம்மென்று இருக்கிறது என்றார் டாக்டர். நான் மூச்சுவிடுவதற்குள், “ஆனா” என்றார்.

கேப்பின் விளிம்பில், ஈறை ஒட்டி, பழுப்பாக ஒரு கோடு. மேல்வரிசைப் பற்களிலும் சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளைக் கோடுகள். அரிக்க ஆரம்பித்திருக்கிறதாம்.

“நைட்டு பல் வெளக்கினதுக்கப்பறம் ஏதாவது சாப்படறாளா?”

“ஒண்ணும் இல்லீங்க. சளிக்கு மஞ்சப் பால் மட்டுந்தான்.”

“வெறும் பாலா?”

“பனங்கல்கண்டு. கொஞ்சமா.”

கையிலிருந்த கண்ணாடியைத் தட்டில் வைத்தார். “தினமுமா?”

“இருமலுக்குத்தாங்க டாக்டர். மருந்து மாதிரி.”

“மேடம், பல்லுக்குக் கரும்பும் ஒண்ணுதான், பனையும் ஒண்ணுதான். தூங்கறப்ப எச்சில் ஊறாது. அந்தப் பால் ராத்திரி பூரா கேப் ஓரத்துலயே நிக்கும். கேப்புக்கு ஒண்ணும் ஆகாது. அது இன்னும் பத்து வருஷம் அப்படியே இருக்கும். உள்ள இருக்கறது பல்லு. அது போயிடும்.”

இழுப்புக்குத் தனியாக ஒரு டாக்டரைப் பார்க்கச் சொன்னார். பால் வேண்டுமென்றால் சாயங்காலமே கொடுத்துவிட்டு, பிறகு பல் விளக்கி, அதன்பின் தண்ணீர் மட்டும். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். இவர்கள் படித்த புத்தகத்தில் பனங்கல்கண்டைப் பற்றி என்ன இருந்திருக்கும்? நாட்டு மருந்தென்றாலே இவர்களுக்கு இளக்காரம்.

அக்டோபர் 5

இன்று கொடுக்கவில்லை.

அக்டோபர் 6

இன்றும் கொடுக்கவில்லை. இருமி இருமி வாந்தி எடுத்தாள். போர்வை, தலையணை எல்லாம் ஊறப்போட்டேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நங்கையா: “புள்ளைக்கு ஒரு வாய் பாலுக்குக் கூடவா வக்கில்லாமப் போச்சு?”

அக்டோபர் 8

அரை டம்ளர்.

அக்டோபர் 9

அரை டம்ளர்தான். குடித்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்ல நினைத்தேன். தூங்கிவிட்டாள். தூங்குகிற குழந்தையை எழுப்புவார்களா?

நவம்பர் 12, புதன்

ப்ளஸ் டூவில் கார்போஹைட்ரேட் பாடம். சுக்ரோஸின் அமைப்பைப் பலகையில் போட்டுக்கொண்டிருந்தபோது, இரண்டாம் பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள். “மிஸ், எங்கப்பாவுக்குச் சுகர். காப்பில பனங்கல்கண்டு போட்டுக் குடிக்கறாரு. அது ஒண்ணும் பண்ணாதுங்கறாரு. நெஜமா மிஸ்?”

“கூடவே கூடாது. அதுவும் சுக்ரோஸ்தான்னு சொல்லு” என்றேன். பாட்டிலில் ஒட்டிய லேபிளைப் படிக்கிற மாதிரி அத்தனை சட்டென்று வந்தது பதில். மீதி வகுப்பை எப்படி முடித்தேன் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பனங்கல்கண்டு டப்பாவை எடுத்து அலமாரியின் மேல்தட்டில், குக்கருக்குப் பின்னால் வைத்தேன்.

நவம்பர் 13

ஸ்டூல் போட்டால் எட்டுகிறது.

டிசம்பர் 21, ஞாயிறு

அரையாண்டு விடைத்தாள் மலைபோல் கிடக்கிறது. மார்கழிப் பனிக்கு இழுப்பு கூடிவிட்டது. இழுப்புக்கு வேறு டாக்டரைப் பார்க்க நாமக்கல் போகவேண்டும். லீவு கேட்டால் ஹெச்.எம். முகம் போகிற போக்கு தாங்காது. பரீட்சை முடியட்டும்.

இவர் பொங்கலுக்கு வருகிறாராம். நிவிஷா காலண்டரில் ஸ்டிக்கர் ஒட்டிவைத்திருக்கிறாள்.

டார்ச் அடித்துப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 8

பல் விளக்கும்போது கேப்புக்குக் கீழே ஈறில் வெள்ளையாக ஒரு பொட்டு. சாதப் பருக்கையாக இருக்கும்.

ஜனவரி 9

பருக்கை இன்னும் இருக்கிறது.

ஜனவரி 11, ஞாயிறு

வெள்ளை அடிக்க ஆள் வந்தார்கள். சாமான்களை எல்லாம் வாசலில் போட்டு, கழுவி, அடுக்கினேன். நிவிஷா வலது பக்கமே மெல்லுகிறாள். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

ஈரோட்டுக்குப் போகவேண்டும். இவர் வந்துவிட்டுப் போகட்டும். நல்ல நாளும் பொழுதுமாக எதற்கு.

ஜனவரி 15, பொங்கல்

வந்துவிட்டார். கறுத்து, இளைத்து, மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் சுற்றினார். “எங்க, நம்ம பிட்டக் காட்டு” என்றார். அவள் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

கரும்பு வேண்டாம் என்றாள். அவருக்கு ஆச்சரியம். “கரும்ப வேண்டாங்கற புள்ளய இப்பத்தான் பாக்கறன்.”

நான் பொங்கல் பானையைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 17, சனி

காய்ச்சல். இடது கன்னம் வீங்கி, கண் பாதி மூடிவிட்டது. இவர் பதறிப்போய் அப்போதே கார் பிடித்தார். டாக்டர் ரெஹானா விடுமுறையிலும் வந்து திறந்தார். வேரில் சீழ். முதலில் மருந்து, வீக்கம் வடிந்ததும் பல்லை எடுத்துவிட வேண்டியதுதான். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. காய்ச்சல் எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டார்.

“ஸ்டீலு, தாங்கும், அது இதுன்னு சொன்னா. ஒரு வருஷங்கூடத் தாங்கல” என்று வழியெல்லாம் இவர் பொருமிக்கொண்டே வந்தார். “மட்டமான சரக்கப் போட்டுட்டா. இல்ல, உள்ள சுத்தம் பண்ணாம மூடியிருக்கோணும்.”

நான் நிவிஷாவின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 20, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

கேப்பைத் தொட்டதுமே கழன்று டாக்டர் கையோடு வந்துவிட்டது. உள்ளே பல் என்று ஒன்று இல்லை. ஊறிப்போன மரக்கட்டை மாதிரி பழுப்பாக ஏதோ இருந்தது. நாற்றம் அறை முழுக்கப் பரவியது. என் குழந்தையின் வாயிலிருந்து வந்த நாற்றம். டாக்டர் ஊசி போட்டு வேரை எடுத்தார். இந்த முறை நிவிஷா யாரையும் கெஞ்சவில்லை. சுவரில் ஒட்டியிருந்த யானைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவர் அந்தக் கேப்பை வாங்கி விரலிடுக்கில் வைத்து உருட்டிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நகத்தால் அழுத்தினார்.

“இதுக்கு ஒண்ணுமே ஆகல. புதுசாட்டம் இருக்குது. அப்பறம் எப்படீங்க உள்ள இருக்கற பல்லு மட்டும் அழுகும்? நீங்க சுத்தம் பண்ணாம மூடியிருக்கறீங்க.”

“அப்படி இல்லீங்க சார். அன்னைக்கு எடுத்த எக்ஸ்ரே இருக்கு, காட்டறேன். இது வெளிய இருந்து, ஓரத்துல இருந்து போனது.”

“வெளிய இருந்து எப்படிப் போவும்? எம்பொண்டாட்டி எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிங்க. வீட்டுல சர்க்கரையே கெடையாது.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை அந்த முகத்தில். எனக்காக ஒரு கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றார்.

“அக்டோபர்ல நான் சொன்னதெல்லாம் வீட்டுல செஞ்சீங்களா மேடம்?”

“செஞ்சேன்” என்றேன்.

“சரி” என்றார் டாக்டர். கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டார். அவர் சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தைதான். என்னைக் காப்பாற்றினாரா, சொன்னால் என் குழந்தையை மறுபடி கூட்டிவரமாட்டேன் என்று பயந்தாரா, தெரியவில்லை.

இவர் விடவில்லை. வெளியே ஆட்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் நின்று சத்தம் போட்டார். “புள்ளைங்க வாயில வெளையாடறதுக்கா கடையத் தொறந்து வெச்சிருக்கறீங்க?” மடியில் குழந்தையோடு இருந்த ஒரு பெண் எழுந்து போயே போய்விட்டாள். டாக்டர் வாசல் வரைக்கும் வந்தார். அந்த இடம் மூடிவிடாமலிருக்க ஒரு கம்பி வளையம் வைக்க வேண்டும், வலது பக்கப் பல்லும் ஆரம்பித்துவிட்டது, இரண்டு வாரத்தில் கட்டாயம் வரவேண்டும் என்று அவ்வளவு சத்தத்துக்கும் நடுவில் என்னைப் பார்த்துச் சொன்னார்.

“இனி உங்க படி ஏறுனா என்னன்னு கேளுங்க” என்றார் இவர்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். செருப்பு மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? நிமிரவேயில்லை.

ஜனவரி 22, வியாழன்

மத்தியானம் இவர் மகளை மடியில் வைத்துத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார். நங்கையா எதிரில்.

“அந்த டாக்டர் சொன்னதயெல்லாம் அம்மா கரெக்டாச் செஞ்சாதானே சாமி?” என்று இவர் சாதாரணமாகத்தான் கேட்டார். சந்தேகம் எதுவும் இல்லை அவர் குரலில்.

நிவிஷா என்னைப் பார்த்தாள். வீங்கிய கன்னம் இன்னும் முழுதாக வடியவில்லை. அப்புறம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

“பாரு, புள்ளயே சொல்லுது” என்றார் நங்கையா. “நம்ம வாணிய ஒரு கொற சொல்ல முடியாது.” எட்டு வருடத்தில் இன்றுதான் என்னை நல்லவிதமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்.

குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே மறுபடியும்.

ஜனவரி 29

இவர் ராய்ப்பூருக்கு ரயில் ஏறிவிட்டார். போகும்போது வேறு டாக்டர் பார்க்கச் சொல்லியிருக்கிறார். உள்ளூரில் ஒருவரிடம் கூட்டிப்போனேன். நிவிஷா நாற்காலியில் உட்கார்ந்தாள், வாயைத் திறக்கவில்லை. அவர் கெஞ்சினார், மிரட்டினார், உதட்டைப் பிரிக்கப் பார்த்தார். “கொஞ்சம் வளந்ததும் கூட்டிட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார்.

“ரெஹானா ஆன்ட்டி எங்க?” என்று படியிறங்கும்போது கேட்டாள்.

ஊருக்குப் போயிருக்கிறார் என்றேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

இரண்டு வாரம் முடிந்துவிட்டது. டாக்டர் நம்பர் போனில் இருக்கிறது. போட்டு என்ன சொல்வது? அழைப்பதற்கு முன்னால் இவரிடம் சொல்லவேண்டும். இவரிடம் சொன்னால் நங்கையாவிடம் போகும். நாளைக்கு ப்ராக்டிகல் வேறு.

பிப்ரவரி 6, வெள்ளி

இருமல் மறுபடி. பல் விளக்கி, விளக்கணைத்துப் படுக்க வைத்திருந்தேன். நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போனது. முதுகைத் தடவிக்கொடுத்தேன். நெஞ்சில் தைலம் தேய்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் நங்கையா கனைப்பது கேட்டது.

நிவிஷா புரண்டு என் காதருகே வந்தாள். பல் போன இடத்தை நாக்கு துழாவுவதால் வார்த்தை கொஞ்சம் வழுக்குகிறது.

“அம்மா, பால் குடு.”

“வேண்டாம் கண்ணு. பல்லு வலிக்கும்.”

இருமி முடிக்கும் வரைக்கும் காத்திருந்தாள். பிறகு என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சமாதானம் சொல்கிற குரலில் சொன்னாள்:

“நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேம்மா.”

வெந்நீர் வைக்கத்தான் எழுந்தேன். ஸ்டூலையும் இழுத்துப் போட்டேன்.